ஆறாவது நட்டு

முடியாது என்று வாய்விட்டுச் சொன்னதுதான் நான் செய்த முதல் குற்றம். எங்கள் தண்டவாள கேங்கில் அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. வேலைக்குப் போக முடியாத குளிர் என்று தோன்றினால், முந்தின ராத்திரியே எவனாவது வெளியே போய் லாரியின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு வந்து படுத்துக்கொள்வான். என்ஜினை ராத்திரி முழுக்கச் சூடாக வைத்திருக்கிற ஒயர் அது. பிடுங்கிவிட்டால் விடிந்ததும் சாவியைத் திருகினாலும் லாரி முனகக்கூட முனகாது. "ஒயர் கழண்டு போச்சு சார்" என்று போனில் சொல்லிவிட்டு மூன்று பேரும் சீட்டாடலாம். யார் பிடுங்கினது என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. வேலையும் இல்லை, மறுத்தோம் என்ற பேச்சும் இல்லை, மீசைக்காரர்களின் மானமும் பத்திரமாக இருக்கும்.

எனக்கு அந்த நாடகம் பிடிக்கவே பிடிக்காது. ஜன்னலுக்கு வெளியே மைனஸ் நாற்பத்து நாலு காட்டியது. ஏரியின் மேலிருந்து காற்று வேறு. காற்றோடு சேர்த்துக் கணக்குப் போட்டால் அறுபதைத் தாண்டும் என்று ரேடியோவில் சொன்னார்கள். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன.

மேஸ்திரி ஓரஸ்ட் அடுப்பில் காலைச் சாப்பாட்டுக்குப் பொலோனி இறைச்சித் துண்டுகளை வறுத்துக்கொண்டே சொன்னார்:

"ரோலி, பூட்ஸ மாட்டு. நூத்தி எம்பதாவது மைல்ல தண்டவாளம் விட்டுக்கிச்சாம். ரெண்டு அங்குலம் இடைவெளி. கோதுமை ஏத்துன ரயில் வண்டி அந்தப் பக்கம் நிக்குது."

"நான் வரல அண்ணே. ஆபத்தான வேலைன்னு மறுக்கறேன்."

கரண்டி நின்றது.

"என்னது?"

"மறுக்கறேன். சட்டத்துல இருக்கிற வார்த்தையத்தான் சொல்றேன்."

மேசையில் உட்கார்ந்து ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டிருந்த ஆர்மண்ட் சிரித்தான். எங்கள் கேங்கில் நாங்கள் மூன்று பேர்தான், தங்குவதும் ஒரே கேங் வீட்டில். அவனும் நானும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். "காலங்காத்தால என்னம்மா குடிச்ச?" என்றான்.

நான் வலது கையை மேசைமேல் வைத்தேன். சுண்டுவிரலும் அதற்குப் பக்கத்து விரலும் நுனியில் இன்னும் பளபளவென்று, மற்ற விரல்களோடு ஒட்டாத ஒரு நிறத்தில் இருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு காலையில், இதே மாதிரி ஓர் உடைசலில் உறைந்துபோன விரல்கள். அன்றைக்குப் போய்த்தான் ஆகவேண்டும் என்று போனில் கத்தியவர் எங்கள் சூப்பர்வைசர் வெண்டல். டாக்டரம்மா அப்போதே சொல்லிவிட்டாள்: இன்னொரு தடவை உறைந்தால் மருந்து கிடையாது, கத்திதான். எங்கள் கேங்கில் நட்டு மாட்டுவது என் வேலை. தடித்த கையுறையோடு நட்டைத் திருகினால் மரை பிடிக்காது. ஆண்கள் விரல் தண்டவாள இணைப்பின் சந்தில் நுழைய நேரமாகும். என் விரல் மெலிசு. அதனால் குளிர் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு என் கைதான் வெளியே வரும்.

"தெரியும்மா, விரல் கதை எங்களுக்குத் தெரியாதா?" என்றார் ஓரஸ்ட். குரலைத் தணித்துக்கொண்டார். "நேத்து ராத்திரியே தோணலியா உனக்கு? அந்த ஒயரப் புடுங்கி விட்டிருந்தா இந்நேரம் இழுத்துப் போத்திட்டுப் படுத்துக் கெடக்கலாமே."

"புடுங்க மாட்டேன். ராத்திரி உங்களுக்கே நெஞ்சு வலி வந்துச்சுன்னா எதுல ஏத்திட்டுப் போறது? சுத்துவட்டாரத்துல இருக்கறது இந்த ஒரு வண்டி."

"என் நெஞ்சப் பத்தி நீ கவலப்படாத. இப்ப எங்க ரெண்டு பேரையும் சந்தியில நிறுத்திட்டியே, அதச் சொல்லு."

அவர் சொன்னதும் சரிதான். ஒருவர் மறுத்துவிட்டால், அந்த வேலைக்கு வேறு யாரை அனுப்பினாலும், இன்னார் ஆபத்து என்று மறுத்துவிட்டார் என்பதைச் சொல்லித்தான் அனுப்ப வேண்டும். சொன்ன பிறகு அவன் போகிறேன் என்றோ, போகவில்லை என்றோ வாயைத் திறந்தாக வேண்டும். போகிறேன் என்றால் கூட வேலை செய்கிறவளைக் காட்டிக்கொடுத்தவன். போகவில்லை என்றால் குளிருக்குப் பயந்தவன். எங்கள் ஊரில் ஒருவனைக் குளிருக்குப் பயந்தவன் என்று சொல்வதைவிட அவன் அம்மாவைத் திட்டலாம்.

"ஒரு பொம்பள மறுத்தா நானும் மறுத்தேன்னு பேரு வாங்கணுமா?" என்றான் ஆர்மண்ட். இப்போது அவன் சிரிக்கவில்லை. "நான் வர்றேன்னு எழுதிக்குங்க அண்ணே."

"போடா போ. நட்டு மாட்ட உன் விரல் நுழையுமான்னு பாத்துட்டு அப்புறம் வீரம் பேசு," என்றேன்.

ஓரஸ்ட் போனை எடுத்தார். வெண்டலின் குரல் அடுப்பங்கரைவரை கேட்டது. "யாரு அந்த மகாராணி? மகாராணிக்குக் குளிருதாமா? மைனஸ் அம்பத்தி ரெண்டுல வேல பாத்தவன்யா நான்!" அந்த ஐம்பத்து இரண்டை நாங்கள் கேட்காத கிறிஸ்துமஸ் விருந்து கிடையாது. அவர் கேங்கில் சாதாரண ஆளாக இருந்து சம்மட்டி தூக்கி மேலே வந்தவர். அதனாலேயே எங்கள் கண்ணில் விரலை விட்டு ஆட்டுவார். சட்டப்படி அவரே நேரில் வந்து, மறுத்தவளை வைத்துக்கொண்டு, இடத்தைப் பார்த்து, ஆபத்து உண்டா இல்லையா என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் வர வேண்டியது நூற்று அறுபது மைல். மூன்று மணி நேரம் அந்தக் கேங் வீட்டில் என்னோடு யாரும் பேசவில்லை. பொலோனித் துண்டு மூன்று வறுத்ததில் எனக்கு வரவேண்டியது சட்டியிலேயே கிடந்தது. நானே எடுத்துத் தின்றேன்.

வெண்டல் பன்னிரண்டு மணிக்கு வந்தார். புருவத்தில் பனி ஒட்டியிருந்தது. வந்ததும் என்னைப் பார்க்காமல் ஓரஸ்டிடம்தான் பேசினார்.

"எல்லாரும் வண்டியில ஏறுங்க. மகாராணியும்தான். அவங்க முன்னாடிதானே பாக்கணும்."

இடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். இரண்டு பக்கமும் குட்டை மரங்கள், நடுவில் தண்டவாளம், அதில் வாய் பிளந்த மாதிரி ஓர் இடைவெளி. வண்டியிலிருந்து இறங்கியதும் மூக்குக்குள் இருந்த மயிர் உறைந்தது. வெண்டல் என் பக்கம் திரும்பினார்.

"நல்லாக் கேட்டுக்க. உன் வேலைய நானே செய்யறேன். இந்தக் கையால. நீ பக்கத்துல நின்னு பாரு. ஆறு நட்டும் ஏறிடுச்சுன்னா, ஆபத்து இல்லன்னு எழுதுவேன். வேணும்னே வேலைக்கு வராதவள்னு அதுக்குக் கீழயே எழுதுவேன். நாளைக்கு நீ பெட்டியக் கட்டலாம். சரியா?"

"எழுதுங்க," என்றேன். பயமாகத்தான் இருந்தது. பதினோரு வருஷ வேலை. எங்கள் பக்கம் பெண்ணுக்கு இந்தச் சம்பளத்தில் வேறு வேலை கிடையாது. ஆனால் அந்த இரண்டு விரல் இல்லாமல் போனால் இதே வேலையும் எனக்குக் கிடையாது. தன் கையே தனக்கு உதவி என்பதெல்லாம் கை முழுசாக இருக்கிறவரைதான்.

குளிரில் சுருங்கிப்போன தண்டவாளத்தைத் தீ வைத்துத்தான் நீட்ட வேண்டும். டீசலில் ஊறப்போட்ட கயிற்றை அடியோரமாக இருநூறு அடிக்குப் படுக்கவைத்துக் கொளுத்துவோம். ஆர்மண்ட் டின்னோடும் கோலோடும் கயிற்றின் மறுகோடிக்குப் போய்விட்டான், காற்றில் அணைகிற இடத்தையெல்லாம் திரும்பக் கொளுத்த. ஓரஸ்ட் சம்மட்டியால் தண்டவாளத்தைத் தட்டித் தட்டி நகர்த்தினார். இடைவெளி விரல் விரலாக மூடியது. துளைகள் நேர்ப்பட்டதும் ஆறு போல்ட்டையும் அடித்து இறக்கினார். அப்போது லாரி ரேடியோ கத்த ஆரம்பித்தது. கோதுமை வண்டியின் டிரைவர், எப்போ எப்போ என்று பிடுங்குகிறான். ஓரஸ்ட் லாரிக்குப் போனார். இணைப்புக்குப் பக்கத்தில் வெண்டலும் நானும் மட்டும்தான்.

தீயின் சூடு அங்கே வரவில்லை. காற்று அதை அள்ளிக்கொண்டு போயிற்று. வெண்டல் சட்டைக்குள் சூடாக வைத்திருந்த நட்டுகளில் ஒன்றை எடுத்து, முழங்காலிட்டு, தடித்த கையுறையோடே திருகப் பார்த்தார். மரை பிடிக்கவில்லை. நட்டு பனியில் விழுந்தது. கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு மேல் கையுறையைக் கழற்றினார். உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை. அதோடு ஒன்று ஏறியது. இரண்டு ஏறியது. மூன்றாவதில் பருத்தி மரையில் மாட்டிக் கிழிந்தது. அதையும் உருவி எறிந்தார்.

"பாத்துக்க மகாராணி! வெறுங்கை!"

மூன்றாவது ஏறியது. கையை உதறிக்கொண்டு ஊதினார். விரல்கள் சிவந்திருந்தன. சிவப்பாக இருக்கிறவரை பரவாயில்லை. நான்காவது நட்டு சந்துக்குள் சிக்கிக்கொண்டு பாடாய்ப் படுத்தியது. அது ஏறி முடிந்து அவர் கையை வெளியே எடுத்தபோது நான் பார்த்தேன். வலது கையின் மூன்று விரல்கள் நுனியிலிருந்து நடுக் கணுவரை மெழுகாக வெளுத்திருந்தன.

அவருக்குத் தெரியவில்லை. அதுதான் அதில் இருக்கிற விஷமம். வலிக்கிறவரை வலிக்கும். உறைந்ததும் வலி நின்றுவிடும், சுகமாக இருக்கிற மாதிரிகூட இருக்கும். தன் விரல் போவது தனக்குத் தெரியாது, எதிரே நிற்கிறவனுக்குத்தான் தெரியும். அதனால்தான் இங்கே எல்லாரும் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்போம். வெள்ளையாக எதைப் பார்த்தாலும் உடனே சொல்லிவிட வேண்டும். ஜீவனாம்சத்துக்குக் கோர்ட்டில் நிற்கிற புருஷனும் பொண்டாட்டியும்கூட வாசலில் நின்று "உன் காது வெளுத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டுத்தான் திரும்பச் சண்டை போடுவார்கள். சாராயக்கடை வாசலில் கத்தியை உருவினவன், எதிராளியின் மூக்கைக் காட்டி, முதலில் அதைத் தேய்டா என்று சொன்ன கதை உண்டு. யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. கண் பார்த்தால் வாய் சொல்லும், அவ்வளவுதான்.

என் வாய் சொல்லவில்லை.

சொல்ல வந்தது. "வெண்டல், கை" என்று இரண்டே வார்த்தை. நாக்குவரை வந்துவிட்டது. அப்போது அவர் ஐந்தாவது நட்டை எடுத்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "உன்னய மாதிரி ஆளுங்களையெல்லாம் சமையக்கட்டோட நிறுத்தியிருக்கணும்."

வாயை மூடிக்கொண்டேன். ஏன் மறைக்க வேண்டும், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வயிற்றுக்குள்ளிருந்து சூடாக ஒரு சந்தோஷம். திருகுடா, நல்லாத் திருகு என்று மனசுக்குள் சொன்னேன். இரண்டு வருஷமாக ஒவ்வொரு ராத்திரியும் என் விரலை வெந்நீரில் போட்டுக்கொண்டு நான் நினைத்த நினைப்பெல்லாம் என் கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது. அவருக்கு விரல் மரத்துப்போய்ப் பிடி தெரியவில்லை, உள்ளங்கையால் தள்ளித் தள்ளி ஐந்தாவதை ஏற்றினார். போல்ட் முனையில் தோல் ஒட்டியிருந்தது. ஆறாவது ஏற நாலு நிமிஷம் ஆயிற்று. அந்த நாலு நிமிஷமும் நான் அவர் விரலையே பார்த்துக்கொண்டு, கைகளைக் கக்கத்தில் இறுக்கி வைத்துக்கொண்டு நின்றேன்.

அவர் எழுந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஆறு! எண்ணிக்க. எங்க உன் ஆபத்து? காட்டு பாக்கலாம்."

அவர் கையுறையை எடுத்து மாட்டப் போனார். விரல் மடங்கவில்லை. இன்னொரு கையால் பிடித்து மடக்கப் பார்த்தார். இரண்டு விரல் ஒன்றோடொன்று இடித்துக் கட்டைச் சத்தம் கேட்டது. எனக்கும் கேட்டது. அப்போதுதான் குனிந்து தன் கையைப் பார்த்தார். சிரிப்பு முகத்திலேயே இருந்தது, எடுக்க மறந்துபோன மாதிரி.

லாரிக்குள் ஏறியதும் ஓரஸ்ட் பார்த்துவிட்டு, "கடவுளே" என்று சிலுவை போட்டார். சட்டைப் பொத்தானைக் கழற்றி, வெண்டலின் கையைத் தன் கக்கத்துக்குள் வைத்து அழுத்திக்கொண்டார். ஆர்மண்ட் வண்டியை எடுத்தான். அதற்குள் கோதுமை வண்டி எங்களைக் கடந்து அந்த இணைப்பின் மேல் மெல்ல ஏறிப் போயிற்று. நட்டு எல்லாம் ஒழுங்காகவே பிடித்தன. அந்த மனுஷனுக்கு வேலை தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

"அந்த ஃபாரத்த எடு," என்றார் வெண்டல். பல் கிட்டித்தது. "ஆபத்து இல்லன்னு எழுது ஓரஸ்ட். நான் சொல்றேன், எழுது. வேல முடிஞ்சிருச்சுல்ல?"

ஓரஸ்ட் அவரையே பார்த்தார். "எழுதறேன் சார். கையெழுத்து நீங்கதான போடணும்?"

உறைந்த விரல் இளக ஆரம்பித்ததும் வெண்டலுக்கு வலி வந்தது. நர்ஸ் இருக்கிற ஊர் வருகிறவரை அவர் போட்ட சத்தத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை.

வலது கையில் மூன்று விரல் எடுத்தார்கள். விசாரணைக்கு ஒரு குழு வந்தது. சூப்பர்வைசருக்கே இப்படி ஆகியிருக்கும்போது ஆபத்து உண்டா இல்லையா என்று கேட்பானேன். நான் மறுத்தது சரி என்று ஒரே நாளில் எழுதிக் கொடுத்தார்கள். அந்த அளவுக் காற்றும் குளிரும் இருந்தால் இனிமேல் எந்த கேங்கும் வெளியே போக வேண்டாம் என்று உத்தரவும் வந்தது. ஒயர் பிடுங்குகிற வேலை மிச்சம். என் வேலை இருந்தது, என் பத்து விரலும் இருந்தது.

நான் ஜெயித்தேன். அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் வெண்டலை நர்ஸிடம் விட்டுவிட்டுத் திரும்பி வந்த அன்றைக்கே, லாரியில் ஆர்மண்ட் கேட்டுவிட்டான். வண்டியை ஓட்டிக்கொண்டே, டிரைவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கேட்டான்.

"நீ பக்கத்துலயேதான நின்ன?"

"ஆமா."

"வெளுத்தது தெரியலியா?"

பொய் தயாராக இருந்தது. இமையில் பனி கட்டியிருந்தது, போட்டிருந்த கண்ணாடியில் ஆவி மூடியிருந்தது, அவர் முதுகு மறைத்தது, எதைச் சொன்னாலும் நம்பியிருப்பார்கள். எனக்கு அந்த ஒயர் பிடுங்குகிற புத்தி வரவில்லை.

"பாத்தேன். நாலாவது நட்டுலயே பாத்தேன்."

ஓரஸ்ட் என்னைப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்துச் சொன்னார்:

"சொல்லியிருந்தாலும் நீதானம்மா ஜெயிச்சிருப்ப. அவரு நிறுத்தியிருப்பாரு. அதுவே போதுமே."

எனக்குச் சுருக்கென்றது. அதுவரை அது எனக்குத் தோன்றவே இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். "உங்க விரலா போச்சு?" என்று கத்தினேன். "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அந்த ஆளு என்னைய அனுப்பினப்ப எங்க போச்சு உங்க நியாயம்? அப்ப யாரு வாயத் தொறந்தீங்க?"

"அன்னிக்கு உன் கை வெளுத்தத யாரு சொன்னது?" என்றான் ஆர்மண்ட். "நான்தான சொன்னேன். நான் சொல்லலன்னா உனக்கு அந்த ரெண்டு வெரலு அன்னிக்கே போயிருக்கும்."



ஒன்பது நாள் கழித்துக் குளிர் கொஞ்சம் குறைந்தது. மைனஸ் முப்பத்து ஆறு, லேசான காற்று. மறுக்கிற குளிர் இல்லை, உத்தரவுக்குள் வருகிற குளிரும் இல்லை. பாலத்துக்குப் பக்கத்தில் பனியை அள்ளி ஒதுக்குகிற வேலை. மூன்று பேரும் வரிசையாக நின்று அள்ளினோம். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் ஓரஸ்ட் நிமிர்ந்து ஆர்மண்டைப் பார்ப்பார். ஆர்மண்ட் ஓரஸ்டைப் பார்ப்பான்.

"அண்ணே, இடது கன்னம்."

"ம். உன் மூக்கையும் தேய்ச்சுக்க."

நான் இருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். ஓரஸ்டின் காது மடல் லேசாக வெளுத்தபோது, "அண்ணே, காது" என்று முதலில் கத்தினதும் நான்தான். அவர் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டார். நன்றி சொல்லவில்லை. அதற்கெல்லாம் யாரும் நன்றி சொல்வதில்லை. ஆனால் திரும்பி என் முகத்தைப் பார்க்க வேண்டும், அது வழக்கம். அவர் மண்வெட்டியைத்தான் பார்த்தார்.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். என் வலது கன்னம் குத்திக்கொண்டே இருந்தது, சட்டென்று குத்தல் நின்றுபோயிற்று.

"ஆர்மண்ட்," என்றேன். "என் மூஞ்சி எப்படிடா இருக்கு?"

அவன் நிமிர்ந்தான். அவசரமே இல்லாமல், நெற்றியிலிருந்து முகவாய்வரை முழுசாகப் பார்த்தான்.

"நல்லாத்தான் இருக்கு," என்றான்.

குனிந்து பனியை அள்ளினான். ஓரஸ்ட் நிமிரவே இல்லை. நிஜமாகவே நன்றாக இருந்திருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும்? நான் வலது கையுறையைக் கழற்றி, அந்த இரண்டு விரலால் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.